இடது பக்கத் துரு

எங்கள் மீன் வேனில் துரு பிடித்தது இடது பக்கம் மட்டும்தான். நான் உட்காருவதும் இடது பக்கம்தான். இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட என் வீட்டுக்காரருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ஓட்டுற சைடு பாரு, எப்படி கிண்ணுன்னு இருக்கு. உன் சைடுதான் போச்சு" என்றார்.

அத்தோடு விட்டாரா? பாடாங் மேஹா பக்கம் எந்த எஸ்டேட் குடியிருப்பு லயத்தில் வேனை நிறுத்தினாலும், கெம்போங் மீனை எடை போட்டுக்கொண்டே இதையும் சேர்த்துச் சொல்லுவார். என் எடை ஊருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. ஆனாலும் இரும்பே தாங்கவில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பெண்கள் மீனை வாங்கிக்கொண்டு, "அக்கா, நீங்க கொஞ்ச நாளு பின்னால ஐஸ் பெட்டி மேல உக்காந்து பாருங்களேன்" என்று எனக்கு ஆலோசனை வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

விடிவதற்குள் தஞ்சோங் டாவாய் படகுத்துறைக்குப் போய் மீன் எடுத்து, பாடாங் செராய் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் விற்பதுதான் எங்கள் பிழைப்பு. வேன் பழசு. கொஞ்ச காலமாக என் பக்கத்துக் கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் சாத்தும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் என் காலுக்கடியில் யாரோ முறுக்குக் கடிப்பது போல் சத்தம் கேட்கும். ஒரு நாள் அவர் குனிந்து பார்த்தார். அடிச்சட்டம் பொரிந்து போயிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது.

"பழைய இரும்புக்குப் போட்டுறலாம். மோட்டார் ஒண்ணு வாங்கி, பின்னால பெட்டி கட்டிக்கிறேன்" என்றார்.

மோட்டார் என்றால் எங்கள் ஊரில் இரண்டு சக்கர வண்டி. முன்னால் அவர், பின்னால் மீன் பெட்டி.

"அப்ப நான்?"

"நீ வீட்ல ரெஸ்ட் எடு லா. எவ்வளவு நாள்தான் இந்த மீன் நாத்தத்துல கெடப்ப?"

ரெஸ்ட்! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். சில வருடங்களுக்கு முன் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி கெட்ட கட்டியாக இருக்குமோ என்று சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தோம். கடைசியில் பயப்பட ஒன்றுமில்லை, வீட்டில் ரெஸ்ட் எடுங்கள் என்றார்கள். பிள்ளைகள் பினாங்கில் வேலை செய்கிறார்கள். தாமான் குடியிருப்பு வீட்டில் நாலு சுவரும் டிவியும் நானும்தான். எதிர் வீட்டுப் பூனை வந்தால்கூட உட்கார வைத்துப் பேசலாம் போலிருந்தது. ஒரு நாள் அவர் வேனை எடுக்கும்போது, ஒன்றும் சொல்லாமல் ஏறி இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அவரும் இறங்கு என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அது என் இடம். அவர் மீன் விற்பார். நான் சில்லறை கொடுத்து ஊர்க்கதை வாங்குவேன். எந்த வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த இடம் போனால் மறுபடி சுவரோடுதான் பேச வேண்டும்.

"வெல்டிங் கடையில ஒரு வார்த்தை கேக்காம வண்டிய போட்டீங்கன்னா பாருங்க" என்று பிடித்த பிடியில் நின்றேன்.

பாடாங் செராயில் எங்களுக்குத் தெரிந்த வெல்டர் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசாத ஆள். அட்டையை விரித்து வேனுக்கடியில் படுத்து, சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். வலது பக்கம் டங் டங் என்றது. இடது பக்கம் பொத் பொத் என்றது. வெளியே வந்து நெற்றியைச் சொறிந்தார்.

"அண்ணே, மீன் தண்ணி ஒழுகி போயிருந்தா ரெண்டு சைடும்ல போயிருக்கணும்? இது என்ன ஒரு சைடு மட்டும்?"

"அது அவ உக்கார்ற சைடு தம்பி" என்றார் என் வீட்டுக்காரர், எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மையைச் சொல்வது போல.

வெல்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாகரிகம் தெரிந்த மனிதர். மறுபடி அடியில் போனவர், கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்புத் துணி முடிச்சோடு வெளியே வந்தார். என் இருக்கைக்கு நேர் கீழே, சட்டத்தோடு கம்பி போட்டு இறுகக் கட்டியிருந்ததாம். சொதசொதவென்று ஈரமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கல்லுப்பு.

"செய்வினை!" என்று நான் போட்ட சத்தம் பக்கத்துக் காப்பிக்கடை வரை கேட்டிருக்கும்.

யார் வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்களுக்குப் போட்டியாக ஒருத்தன் மோட்டாரில் மீன் விற்கிறான். அவன் பெண்டாட்டி கோயிலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் என்றைக்குச் சிரித்திருக்கிறாள்? "சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்றேன், வரட்டும் அவ" என்று கைப்பேசியை எடுத்தேன். என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது போன வருடத்துக் காலண்டர்.

"போன வை" என்றார், திரும்பாமலே.

"ஏன் வைக்கணும்? நம்ம வண்டிய அரிச்சே தின்னுருக்கா!"

"வை லா. நான்தான் கட்டினேன்."

வெல்டர் சுத்தியலைத் தேடுவது போலத் தள்ளிப் போனார். சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது.

வேன் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டலாம் என்று நான் கேட்டபோது, "மீன் விக்கப் போறோமா, ஊறுகா போடப் போறோமா?" என்று கேட்ட மனுஷன் இவர்.

"நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து வேன்ல ஏறுனியே, அப்ப போற எடமெல்லாம், அக்கா நல்லா ஆயிட்டீங்களே, முன்னவிட நல்லா இருக்கீங்களேன்னு ஒரே பேச்சு. கண்ணு பட்டுச்சின்னா?" அவர் காலண்டரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். "அமாவாசைக்கு அமாவாசை மாத்திருவேன். பழசு கரைஞ்சி போயிருக்கும்."

கரைந்தது எங்கே போயிற்று என்று அவர் யோசிக்கவில்லை.

"மாசாமாசமா அண்ணே?" என்று மட்டும் கேட்டார் வெல்டர், தூரத்திலிருந்து.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். "இத செஞ்சிட்டு, என் வெயிட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சீங்களே?"

"உப்புதான் காரணம்னு எனக்கு என்ன தெரியும்? நெசமாவே உன் வெயிட்டுன்னுதான் நெனச்சேன்."

வெல்டர் கிட்டே வந்தார். மேலே தகடு வைத்து ஒட்டுகிற வேலை தனக்கு ஆகாது, அந்தப் பக்கத்தை முழுசாக வெட்டிப் புது இரும்பு வைக்க வேண்டும் என்றார். "செலவாவும் அண்ணே. பழைய வண்டி. யோசிச்சி சொல்லுங்க."

"வேணாம் தம்பி" என்றார் இவர். "ரோட்ல போறப்ப அவ சைடு ஒடஞ்சிச்சின்னா? ஒவ்வொரு பள்ளத்துலயும் நான் ரோட்டப் பாக்கல, அந்தக் கதவத்தான் பாக்குறேன். அவ வீட்ல இருந்தா எனக்கு நிம்மதி."

மோட்டார் யோசனை எங்கிருந்து முளைத்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உங்களுக்கு நிம்மதி. எனக்கு?" என்றேன். "வீட்ல நான் எப்படி இருந்தேன்னு பாத்தீங்களா? நீங்க மீன் விக்கப் போயிட்டீங்க. நீங்க கதவ சாத்துனதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும், அந்தக் கட்டி மறுபடி வந்துருமோ, மறுபடி வந்துருமோன்னு அதையேதான் நெனச்சிக்கிட்டு கெடந்தேன். இந்த வேன்ல ஏறுனப்பறம்தான் அத மறந்தேன்."

இதை அவரிடம் அதுவரை நான் சொன்னதில்லை. அவர் போய் என் பக்கத்துக் கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினார்.

"வெட்டு தம்பி" என்றார்.

வேன் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது கதவு ஒரு தள்ளில் சாத்திக்கொள்கிறது. முறுக்குச் சத்தம் இல்லை. பாடாங் மேஹாவில் முதல் நாள் வேனை நிறுத்தியதும் ஒரு பெண் மீனைக்கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா, ஆளு பளபளன்னு இவ்வளவு நல்லா இருக்கீங்க!"

தராசிலிருந்து என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எங்க நல்லா இருக்கா?" என்றார் அவசரமாக. "ராத்திரி பூரா இருமல். தூக்கமே இல்ல, பாவம்."

எனக்கு இருமல் வந்து ஒரு வருடம் இருக்கும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் நம்புகிற மாதிரி இரண்டு தடவை இருமினேன்.