முயலுக்கு ஒரு கால் சாட்சி

மால்டாவில் எங்கள் பால்கனிக்கு வெளியே தினமும் காலையில் ஒரு கூடை கயிற்றில் தொங்கியபடி இறங்கும். மேல்வீட்டு டோரிஸ் இறக்குகிற கூடை அது. ரொட்டி வண்டி ஹாரன் அடித்ததும் கூடைக்குள் காசைப் போட்டு இறக்குவாள். வண்டிக்காரன் ரொட்டியை வைத்ததும் இழுத்துக்கொள்வாள். ஆயுசு முழுக்கக் கிணற்றில் வாளி இறக்கிய எனக்கு இது பார்த்ததும் விளங்கியிருக்க வேண்டும். வந்த புதிதில் விளங்கவில்லை. ஏதோ கோயில் வசூல் என்று நினைத்து, கைக்கு எட்டிய கூடையில் இரண்டு பிடி அரிசியைப் போட்டுக் கும்பிட்டும் விட்டேன். அன்று டோரிஸ் வீட்டு ரொட்டி அரிசியோடு மேலே போனது. மறுநாள் கூடை எங்கள் பால்கனிக்கு நேரே வந்து நின்றது. உள்ளே நாலு ஆரஞ்சு. எங்கள் பழக்கம் அப்படி ஆரம்பித்தது.

மகள் கவிதா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. இருவரும் கிளம்பிப் போய்விட்டால் வீட்டில் நானும் நாலு சுவரும்தான். ஊரிலேயே பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் சின்னமனூரைத் தாண்டியிருக்கும். இங்கே எழுத்தே வேறு. டோரிஸுக்கு இங்கிலீஷ் கொஞ்சம், எனக்கு அதிலும் கொஞ்சம். எதைச் சொன்னாலும் அவள் "மேலா" என்பாள். சரி, அப்படியா, போகட்டும், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் மேலா என்பாள், நான் மேலா என்பேன், ஒரு மணி நேரம் ஓடிவிடும். இந்தத் தீவில் என்னோடு பேச இருந்த ஒரே மனுசி அவள்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த ஊரில் விருந்து என்றால் முயல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெரு முழுக்க அந்த வாசம்தான். மருமகன் அதைச் சொன்னபோது நான் சும்மா இருந்திருக்கலாம். "முயலா? என் கைப்பக்குவத்துல முயலத் தின்னவுக கம்பம் வரைக்கும் பேசுவாக மாப்பிள்ளை" என்றேன். அவர் அதை அப்படியே டோரிஸிடம் சொல்லிவிட்டார். அந்த வாரமே கூடையில் ஒரு முயல் இறங்கி வந்தது. தோல் உரித்து, தலை இல்லாமல், பாதங்கள் இல்லாமல், சுத்தமாகக் கழுவி, காகிதத்தில் சுற்றி.

சிக்கல் அந்தச் சுத்தத்தில்தான். எங்கள் பக்கம் முயல் கறி ஒருவர் கை மாறி இன்னொருவர் கைக்குப் போனால் பின்னங்கால் ஒன்றில் முடி இருக்க வேண்டும். உரித்துவிட்டால் முயலும் பூனையும் ஒரே மாதிரிதான் கிடக்கும். அந்த ஒரு கால்தான் சாட்சி. கால் இல்லாத கறியை என் வீட்டுக்காரர் வாசலோடு திருப்பி அனுப்புவார். இப்போதெல்லாம் காட்டு முயலைத் தொட்டால் கேஸ், கூண்டில் வளர்த்தது மட்டும்தான். ஆனால் கால் பார்க்கிற வழக்கம் போகவில்லை. நான் காகிதத்தைப் பிரித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நாலு காலும் மொட்டை. டோரிஸோ, சாயங்காலம் ஆனால் தெருப்பூனைகளைக் கூட்டிவைத்துச் சோறு போடுகிறவள். ஒரு டஜனுக்குக் குறையாது.

கறியை ஏந்திக்கொண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. கறியின் காலைச் சுட்டிக்காட்டினேன். முடி இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக் காட்டினேன். புரியவில்லை. கடைசியில், எந்த ஊர்க்காரருக்கும் புரிகிற பாஷையில் கேட்டேன்:

"மியாவ்?"

சிரிப்பு அணைந்துபோனது. "கேட்? மீ? கேட்?" என்று நெஞ்சில் கை வைத்தாள். "மை பிரதர்! மை பிரதர்!" என்றாள். பிறகு அவர்கள் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். நான் வழக்கம்போல "மேலா" என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

வேலை முடிந்து வந்த கவிதா படியிலேயே டோரிஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, கேக்குறதுக்கு வேற கேள்வியே கெடைக்கலையா ஒனக்கு? அவுக தம்பி தான் வளத்ததுல ஒனக்குன்னு குடுத்த முயலாம். பூனைக்குக் காய்ச்சல் வந்தாலே சாப்பிடாத பொம்பள அவுக. அழுறாக தெரியுமா?"

"கால வெட்டாம விட்டிருந்தா நான் ஏன்டி கேக்கப்போறேன்?"

"அவுகளுக்கு என்ன நம்ம மார்க்கையன்கோட்டை வழக்கமா தெரியும்?"

மறுநாளிலிருந்து கூடை எங்கள் பால்கனியைத் தாண்டி நிற்காமல் இறங்கியது, நிற்காமல் ஏறியது. நான் வேண்டுமென்றே அங்கே நின்று துணி காயப்போட்டேன். காய்ந்த துணியையும் காயப்போட்டேன். கூடை என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் நான் வாய் திறந்து பேசியது குக்கரோடு மட்டும்தான்.

சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருவேளை மனம் ஆறுவாள். கறி ஃப்ரீசரில் இருந்தது. இடைஞ்சல் ஒன்றே ஒன்று. நான் பிறந்ததிலிருந்து முயல் சமைத்ததே இல்லை. சாமிக்குப் பொங்கல் வைக்கிற அடுப்பில் முயல் ஏறக்கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம். அதனால் தோப்பு மோட்டார் ரூமுக்கு வெளியே கல் கூட்டி, என் வீட்டுக்காரரும் அவர் தம்பி ராசுவும்தான் சமைப்பார்கள். நான் வரமிளகாயும் மல்லியும் மிளகும் வறுத்து, அம்மியில் அரைத்து, தூக்குவாளியில் அனுப்பிவைப்பேன். சமைத்த கறி மட்டும் வீட்டுக்கு வரும். மசாலா என்னுடையது, ஆகவே ருசியும் என்னுடையது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

ராசுவுக்கு வீடியோவில் போன் போட்டேன். தோப்பில்தான் இருந்தான்.

"என்ன மதினி, சவுரியந்தானா?"

"ஏப்பா ராசு, நம்ம தோப்புல முயல் வைப்பீகளே, அத எப்படி வைக்கிறது?"

போன் குலுங்கியது. சிரிக்கிறான். "மதினி! 'எங்க அத்தை வைக்கிற முயலு ஜில்லாவுலயே கெடையாதாமே'ன்னு ஒங்க மாப்பிள்ளை கேட்டாரு. நானும் ஆமான்டுல்ல சொல்லி வச்சிருக்கேன்!"

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லுடா."

"முயல்ல கொழுப்பே கெடையாது மதினி. நல்லெண்ணெய்ய கஞ்சத்தனம் பாக்காம ஊத்துங்க. வெங்காயம் நெறய. கறி தானா விடுற தண்ணியிலயே வேகணும். பொறுக்காம தண்ணி ஊத்துனீகன்னா சக்கையாப் போகும். பெறகு, மசாலா அரைக்கிறதுல பாதிய மட்டும் போடுங்க."

"பாதியா? ஏன்?"

"நாங்க எப்பவும் பாதிதான போடுவோம். ஒங்க காரத்துக்கு அம்புட்டையும் போட்டா தொண்டை எரிஞ்சு போகும். மிச்சத்தத் தென்னந்தூருல கொட்டிருவோம்."

"ஒங்க அண்ணனுக்கு இது தெரியுமா?"

"கொட்டச் சொன்னதே அண்ணந்தான். 'அவகிட்ட மூச்சு விட்றாத, அரைச்ச கை, மனசு நோகும்'னு சொன்னாக."

அந்தத் தென்னை இளநீர் உறைக்கிறதா என்று கேட்டேன். ராசுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. காரமான மனுசிக்குக் காரம் குறைவாக ஒரு மனுசன் வாய்த்திருந்தான், அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

பாதி மசாலாதான் போட்டேன். இந்தியக் கடையில் வாங்கிய நல்லெண்ணெய் பத்தாமல், இந்த ஊர் ஆலிவ் எண்ணெயையும் ஊற்றினேன். தண்ணீர்ச் செம்பை எடுத்த கையை நானே இரண்டு தரம் தட்டிவிட்டேன். சட்டியோடு மாடி ஏறினேன். டோரிஸ் கதவைப் பாதி திறந்தாள். "ஐ ராங்" என்று என் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். நான் மகளிடம்கூடச் சொல்லாத வார்த்தை, அதனால் வேற்று பாஷையில் வந்தது. அவள் உள்ளே போய் ஒரு முள்கரண்டி கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். முதலில் நீ தின்னு என்கிறாள். எங்கள் ஊரில் கொண்டுவந்தவரிடம் இப்படிச் சொன்னால் வெட்டுக்குத்து ஆகிவிடும். நான் வாயைத் திறந்தேன், கறியைப் போட்டுக்கொள்ள. கையால்தான் எடுத்துத் தின்றேன்.

பிறகு அவள் தின்றாள். முகம் தக்காளியாகச் சிவந்தது, தண்ணீருக்கு ஓடினாள். தொலைந்தது, பாதியும் அதிகம் என்று நின்றேன். கையில் ரொட்டியோடு திரும்பி வந்தவள் என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். இரண்டாம் துண்டு எடுத்தாள், மூன்றாம் துண்டு எடுத்தாள். "நோ வைன்?" என்று எனக்காக வருத்தப்பட்டாள்; இந்த ஊரில் முயல் வைனில்தான் வேகும். பூண்டு போதாது என்றும் காட்டினாள். பிறகு சட்டியையும் என்னையும் மாறி மாறிச் சுட்டி, யார் சொல்லிக் கொடுத்தது என்று கையை விரித்துக் கேட்டாள்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ராசுவுக்குப் போன் போட்டேன்.

போனைத் திருப்பி டோரிஸின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "வணக்கம்மா, எண்ணெய் பத்துச்சா?" என்றான் அவன். "நோ வைன்! வை?" என்றாள் இவள். அவன் தென்னையடியில் கல் கூட்டின இடத்தைக் காட்டினான். இவள் தன் மண்சட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவன் தமிழில், இவள் மால்டீஸில், ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர். நடுவில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், பெரிய படத்தில் எங்கள் தோப்பு, மூலையில் சின்னதாக டோரிஸின் அடுப்படி. இரண்டிலும் நான் இல்லை. கை கடுத்தது, இருந்தாலும் இறக்கவில்லை.

"மதினி, வெரல எடுங்க" என்று கத்தினான் ராசு. "பாதிப் படத்த மறைக்குது."

அது என் கட்டைவிரல்தான்.