ஒரு கை நீளம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது எனக்கு நடந்தது. கனவு இல்லை, கட்டுக்கதை இல்லை.

பயப்படுவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நாங்கள் வேகமாக ஓடும் கூட்டம் அல்ல. நூற்றெண்பதிலிருந்து வயதைக் கழித்தால் ஒரு எண் வரும். இதயத் துடிப்பு அந்த எண்ணைத் தாண்டாமல் ஓடுவோம். எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் எல்லை 138. அதற்குள் ஓடினால் உடம்பு நிதானமாகக் கொழுப்பை எரிக்கும், பேசிக்கொண்டே ஓடலாம். மார்பில் கட்டும் பட்டை துடிப்பை உணர்ந்து அனுப்பும். கையில் இருக்கும் கடிகாரம் அதை எண்ணாகக் காட்டும்; எண் எல்லையைத் தாண்டினாலும், விட்டுப்போன துடிப்பு மறுபடி கிடைத்தாலும் கீச்சிடும்.

என்னுடையது பழைய மாதிரி. எந்தப் பட்டை மிக அருகில் இருக்கிறதோ, அதன் துடிப்பைக் காட்டிவிடும். ஒரு கை நீளம்தான் அதற்கு எட்டும். அதனால் எங்கள் குழுவில் யாரும் தோள் உரசி ஓடமாட்டோம். ஒருமுறை எங்களோடு ஓடும் கண்ணாடிக் கடைக்காரர் என்னை ஒட்டி ஓட, என் கடிகாரம் 160 என்று அலறியது.

"யோவ் ஆமை, அது என் நெஞ்சுய்யா! நீ எதுக்குப் பதறுற?" என்று சிரித்தார்.

போன வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. மெதுவாக ஓடலாம் என்றார் மருத்துவர். என் மனைவிதான் இரண்டு நிபந்தனைகள் போட்டாள். எண் எல்லையைத் தாண்டக் கூடாது. கால் சாலையோர வெள்ளைக் கோட்டைத் தாண்டக் கூடாது.

"ரெண்டுல எது தப்பினாலும் நான்தான் தனியா நிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

அன்று இன்னும் விடியவில்லை. மூடுபனி. ஒளி பட்டால் மினுங்கும் மேல்சட்டை போட்டிருந்தேன். காதில் எதையும் மாட்டவில்லை. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, கோட்டுக்கு வெளியே, புல்லை ஒட்டி ஓடினேன். முதுகுப் பக்கம் வரும் வண்டி நமக்குத் தெரியாது; முகத்துக்கு நேரே வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம்.

128. அருமையான எண்.

கிடங்குச் சுவர் முடியும் இடத்தில் சாலை வளைகிறது. மணி 5:20.

கீச்... கீச்...

149.

எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். "சனிக்கிழமை முடி வெட்டிக்கணும்." திணறாமல் வந்தது.

நடந்தேன். 158.

நின்றேன். 163.

"யாருங்க?"

சுற்றிலும் பார்த்தேன்; பனி மட்டும்தான். புல் பக்கம் ஓர் அடி நகர்ந்தேன். எண் 104 ஆனது. நின்றுவிட்டவனுக்கு வரவேண்டிய எண். மறுபடி சாலைப் பக்கம் நகர்ந்தேன். 166.

அப்போதுதான் புரிந்தது. சாலைப் பக்கம், ஒரு கை நீளத்துக்குள், இன்னொரு பட்டை இருக்கிறது. அதைக் கட்டியிருப்பவர் தலைதெறிக்க ஓடுகிறார். அல்லது... பயந்து சாகிறார். இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஓடியிருக்க வேண்டும் நான். ஆனால் எதையும் அளந்து பார்க்கும் என் புத்தி விடவில்லை. கடிகாரத்தையே பார்த்தபடி இன்னும் ஓர் அடி வைத்தேன்.

171.

இன்னும் ஓர் அடி.

180.

சட்டென்று எண் சரிந்தது. 120... 70... 30...

ஓடும் இதயம் அப்படி இறங்காது. இறங்க நிமிடங்கள் ஆகும்.

பிறகு எண்ணே இல்லை. வெறும் கோடுகள்.

காலுக்குக் கீழே பார்த்தேன். வெள்ளைக் கோடு எனக்குப் பின்னால் இருந்தது.

ர்ர்ர்ர்...

நிமிர்ந்தேன். விளக்கில்லாத லாரி!

பாய்ந்தேன். காற்று முகத்தில் அறைந்தது.

புல்லில் கிடந்தேன்.

கீச்.

119.

என் துடிப்பு. உயிரோடு இருக்கிறேன். அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி என் சிராய்த்த முழங்காலைப் பார்த்தாள்.

"கோட்டைத் தாண்டினீங்களா?"

தலைகுனிந்தபடி மார்புப் பட்டையைக் கழற்றினேன். அவள் முகம் மாறியது.

"அய்யோ, இதைக் கட்டிக்கிட்டா போனீங்க? சமையலறைத் தராசு நின்னுபோச்சுன்னு, நேத்து இதுல இருந்த பேட்டரியை எடுத்து அதுல போட்டேனே... சொல்ல மறந்துட்டேங்க."

பட்டையின் மூடியைத் திறந்தேன்.

காலி.

வளைவில் இருந்தது யாரோ. அதை விடுங்கள்.

வழியெல்லாம் என்னோடு வந்த அந்த 128 யாருடையது? புல்லில் கிடந்தபோது வந்த 119?

கிளம்பும் முன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதே கடிகாரம் ஒரு எண்ணைக் காட்டியது.

61. நிதானமாக, ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஓர் இதயம்.

கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.