செத்த டாக்டர் பிழைத்த கதை

அந்தத் தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை ஒன்றுதான் உண்டு. அதை நடத்துகிறவளை எல்லோரும் பேயக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. பூசினாற்போல உடம்பு, எப்போதும் சிரித்த முகம். பேய்க்கதை சொல்லும் வாயால் வந்த பெயர் அது.

கல்யாணத்துக்கு முன்பே பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் வாங்கினாள். கதையில், செத்தவர்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு விடுதி. நடத்துகிறவள் மட்டும் உயிருள்ளவள். மாடி அறையில் ஒரு டாக்டர். தன்னைக் கொன்றது யாரென்று அவருக்கே தெரியாது. விடுதிக்காரிக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம், ஆனால் தொடப்போனால் கை காற்றில் போகும். முதல் பாகம் அந்த இடத்தில் வந்து நின்றது. அடுத்தது வர இரண்டு வருடம் ஆனது. இப்படியே பதினொரு பாகம். அதற்குள் பேயக்காவுக்குக் கல்யாணமாகி, கடை வைத்து, மகள் கல்லூரிக்கே போய்விட்டாள்.

படித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவளால் முடியாது. டை பூசி ஊற வைத்தவர்களிடம் கதை சொல்ல ஆரம்பித்தாள். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனை பல்லுக்கிடையில் இருக்கும், பேச முடியாது. "அந்த டாக்டர் கதவைத் திறந்தாரா இல்லையா, அதைச் சொல்லிட்டு நூலை எடுங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். கடையில் தலை அலசிவிடும் நாத்தனார் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் பதினொரு பாகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

பன்னிரண்டாவதுதான் கடைசி என்று அறிவித்தார்கள். புத்தகம் கைக்கு வந்த அன்று கடைக்கு லீவு. காலையில் சோபாவில் கால் நீட்டியவள் சாயங்காலம்தான் நிமிர்ந்தாள். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் புருஷன் பதறிப்போனார்.

"என்னாச்சு? டாக்டர் போய்ட்டாரா?"

"அவர் சாகவே இல்லீங்க!"

"நல்ல விஷயம்தானே?"

"எல்லாம் கனவாம். அந்த விடுதிக்காரி ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டுப் படுத்திருந்தாளாம். கண்ணு முழிச்சா, ஆபரேஷன் பண்ண டாக்டர் நிக்கிறாராம். அவரேதான்! அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க வேற!" சொல்லும்போதே குரல் உடைந்தது.

"செத்தவர் பிழைச்சதுக்கு அழுவுற ஒரே ஆளு நீதான்டி" என்று சிரிக்க ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சமையலறைக்கு நழுவினார். அன்று சமையல் அவருடையது.

மறுநாள் கடை திறக்கும்போதே நாத்தனாரிடம் சொல்லி வைத்தாள். "யார் கேட்டாலும் இன்னும் படிக்கலைன்னு சொல்லிடு."

"என்கிட்டயாவது சொல்லுங்க அண்ணி."

"உன்கிட்டயும்தான்."

அன்று முதலில் வந்தவள் பள்ளிக்கூட டீச்சர், பல வருடப் பழக்கம். முகத்தில் பேக் பூசி, கண்மேல் ஈரப் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தார்கள். காய்கிற வரை வாயைத் திறக்கக் கூடாது. டீச்சர் கையை மட்டும் தூக்கி, சொல்லு சொல்லு என்று ஆட்டினாள். பொய் சொல்ல வாயெடுத்த பேயக்காவுக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டீச்சர் நெற்றியில் காய்ந்த பேக்கில் ஒரு விரிசல் விழுந்தது. அடுத்து கன்னம். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"கனவா? பதினோரு பாகமும் கனவா? என் கிளாஸ் பிள்ளைங்க கட்டுரையை இப்படி முடிச்சா நான் திருத்தாமலே திருப்பிக் குடுத்துருவேன்!"

டை பூசி உட்கார்ந்திருந்த இன்னொருத்தி நாற்காலியைத் திருப்பினாள். "அப்போ அவரைக் கொன்னது யாருக்கா?"

"யாருமே கொல்லலை."

"கொல்லலையா! சமையல்காரன்தான்னு நான் என் தங்கச்சிகிட்ட சண்டையே போட்டிருக்கேன்!"

நாத்தனார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததில், கையிலிருந்த குழாய் திரும்பி டீச்சர் மடியெல்லாம் தண்ணீர். டீச்சர் அலற, உதிர்ந்த பேக் தரையெல்லாம் சிதற, பேயக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த முடிவைச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரித் திட்டினாள். ஒருத்தி, டாக்டர் பெண்டாட்டியைத்தான் சகட்டுமேனிக்குத் திட்டினாள். போகப் போகப் பேயக்காவுக்கே ருசி பிடித்துவிட்டது. 'கனவு' என்கிற வார்த்தைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்தினால் கத்தல் பெரிதாக இருக்கும் என்று பழகிக்கொண்டாள். வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்த புருஷனும் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "புத்தகத்தை விட இது நல்லாருக்கும் போல" என்றார்.

டீச்சர்தான் வழி சொன்னாள். "மறுபடி முதல் பாகத்துலேருந்து ஆரம்பிங்க. பதினொண்ணோட நிறுத்திக்கலாம். பன்னெண்டு நமக்கு வேணாம்."

இப்போது மூன்றாம் பாகம் ஓடுகிறது. வெட்ட முடியே இல்லாவிட்டாலும் டீச்சர் சனிக்கிழமை வந்துவிடுகிறாள். போன சனிக்கிழமை, டாக்டர் முதல்முறையாக விடுதிக்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம். சொல்கிற சுவாரசியத்தில் டை பிரஷ் எங்கே போகிறதென்று பேயக்கா கவனிக்கவில்லை. நாற்காலியில் இருந்தவளுக்குக் காதெல்லாம் கறுப்பாகிவிட்டது.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். "பரவாயில்லக்கா, அப்புறம் துடைச்சுக்கலாம். அவ திரும்பிப் பார்த்தாளா இல்லையா?"