பச்சைக்கு அடியில் என்ன நிறம்

போர்டு எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுத்து வந்தால் போதாது, ஆர்டர் கொடுப்பவர் மனசும் தெரிய வேண்டும். நீங்களும் யாருக்காவது வேலை செய்து கொடுப்பவர் என்றால் மேற்கொண்டு விளக்க வேண்டாம். 1991இல் ஒரகடம் கூட்டுரோட்டில் எனக்குக் கடை. ஓட்டல், சைக்கிள் கடை என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு அரசாங்க ஆர்டர். ஒன்று பறவை, இன்னொன்று பயிர் நோய்.

குருவிக்கு வயிறு

வல்லக்கோட்டைப் பக்கத்துக் காட்டில் வைக்க, வனத்துறைக்கு ஆறுமணிக் குருவி போர்டு வேண்டும்; காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துகிற சின்னப் பறவை அது. கொடுத்த போட்டோவில் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நானும் முழுக்கப் பச்சை அடித்துவிட்டேன். பார்க்க வந்த காட்டுக் காவலர் முகம் சுளித்தார். "மேல பச்சைதான், ஒத்துக்கறேன். அடிவயிறு துருவும் மஞ்சளும் கலந்தாப்ல இருக்கும்பா. அது இல்லன்னா இது கிளி."

தட்டளவு நோய்

வேளாண்மை அலுவலகம் கேட்டது நிலக்கடலைத் துரு நோய். குருவி வயிற்றுக்குக் கலந்த பெயிண்ட் மீதியிருந்தது. அதே நிறம்தான் என்றார் அதிகாரி. காட்டுக் குருவிக்கும் இலையில் வரும் பூஞ்சைக்கும் ஒரே டப்பா பெயிண்ட் எப்படி என்று எனக்கு ஆச்சரியம். பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று அவர் சொன்னதால் ஒரே இலை, அதில் தட்டளவுப் புள்ளிகள்.

போர்டு இரண்டும் கடை வாசலில் காய்ந்தன. பக்கத்தில் கடலை பயிரிட்டிருந்த கன்னியம்மா அக்கா வந்து நின்றார். அந்தக் கடலையை விட்டால் அவருக்கு வேறு வரும்படி கிடையாது. போர்டைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "எல லேசா மஞ்சளாவுதேன்னு பயந்துகினு இருந்தேன். இம்மாம் பெருசு இருந்தா என் கண்ணுக்குத் தெரியாதா தம்பி?"

கொல்லையில்

தட்டளவு பஸ்ஸுக்காகப் போட்டதுதானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் கடலை போட்டிருந்த கொல்லைக்குப் போனேன். மேலே எல்லாம் பச்சைதான், அங்கங்கே கொஞ்சம் மஞ்சள். காவலர் சொன்ன வயிறு ஞாபகம் வந்து ஓர் இலையைத் திருப்பினேன். அடியெல்லாம் குண்டூசித் தலையளவுப் புள்ளிகள். தடவினால் விரலில் நான் கலந்த அதே நிறம்.

பின்னாலேயே வந்து பார்த்த அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். என் போர்டை நம்பித்தானே நிம்மதியாகப் போனார். அன்றைக்கே அதிகாரியை அழைத்துவந்து மருந்து அடித்தோம். ஓரத்துப் பயிர் போயிற்று, மற்றது தப்பியது.

கடலை பிடுங்கியதும் ஒரு முறம் கொண்டுவந்து கொடுத்தவர், வனத்துறை இன்னும் எடுத்துப் போகாத குருவியைக் குனிந்து பார்த்தார். "இதுக்கும் அந்த எலைக்கும் ஒரே புத்தி. மேல பச்சையக் காட்டிகினு, சமாச்சாரத்த அடியில வச்சிகீது."

இப்போதெல்லாம் நோய் போர்டு எழுதினால் மூலையில் நிஜ அளவில் இலையின் அடிப்பக்கத்தையும் போட்டுவிடுகிறேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தெரியாது, அவர்களுக்குக் கடலையும் கிடையாது.