எல்லைப் பாலத்தில் ரதி

காமன் கூத்தில் ரதி வேஷம் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆளாளுக்குப் பின்வாங்குவார்கள். மீசையை எடுக்க வேண்டும், சேலை கட்ட வேண்டும், எரிந்துபோன மன்மதனுக்காக ஊர் பார்க்க ஒப்பாரி வைக்க வேண்டும். போன மாசியில் யாரும் கேட்காமலே நான் கையைத் தூக்கினேன். "தம்பிக்குக் கலையில ரொம்ப ஈடுபாடு" என்றார் கூத்து வாத்தியார். கலையாவது! காப்புக் கட்டியவன் காமனை எரிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சட்டம்தான்.

பதுளை டவுனில் நான் போன் திருத்தும் கடைக்கு எதிரே ஒரு பார்மசி. அங்கே வேலை செய்யும் லுணுகலைக்காரி, "ஞாயித்துக்கெழம அக்கா வர்றாங்க. ஒங்களப் பாக்கணுமாம்" என்று சொல்லியிருந்தாள். அவளோடு தேத்தண்ணி குடிக்கலாம், சிரிக்கலாம். அக்கா வந்துவிட்டால் விஷயம் நிஜமாகிவிடும். நிஜமான காதல் ஒன்று எனக்கு முன்பு இருந்தது. கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போனவள், தன் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தூக்கிய கட்டைவிரல் ஒன்றைப் பதிலாகப் போட்டேன். அந்த விரல் இன்னும் வலிக்கிறது.

காப்பு விஷயத்தை லுணுகலைக்காரிக்குப் போனில் சொன்னேன்.

"எப்பக் கட்டினீங்க?"

"நேத்து."

"அக்கா வர்றத நான் போன கெழமையே சொன்னேனே."

"சாமி காரியம் பாருங்க..."

"சரி, இருங்க" என்று வைத்துவிட்டாள்.

தப்பித்தவன் நிம்மதியாகத் தூங்க வேண்டும்தானே? ஞாயிறு விடிந்ததிலிருந்து லயத்து வீட்டுக்கும் எல்லைப் பாலத்துக்குமாக நடந்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். ஒப்பாரியைச் சொல்லிப் பார்த்தேன். மன்மதனை எரித்த சிவனை விட்டுவிட்டு என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

காலை பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அவள் இறங்கினாள், பின்னால் குடையோடு அக்கா. இந்தப் பக்கம் நான், கையில் மஞ்சள் காப்பும், உரித்த பலாக்கொட்டை போன்ற முகமுமாக.

"இவரா? மீசை இருக்குன்னியே?"

"போன வாரம் வரைக்கும் இருந்துச்சுக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, தாண்டக் கூடாதா, தாண்டப் பயமா?"

"ரெண்டுந்தாங்க" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. அந்த முனையிலேயே நின்றாள். "எங்களுக்குக் காப்பு இல்ல, நாங்க வரலாம். ஆனா நீங்க கூப்பிடணும். இல்லாட்டி இதே பஸ்ஸுல போறோம்."

கூப்பிட்டால் வருவாள்; வந்தவள் ஒருநாள் போகவும் கூடும். "வாங்க" என்றேன். ஆற்றின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. ரதிக்காகப் பத்திரப்படுத்திய குரலை எடுத்துக் கத்தினேன்: "வீட்டுக்கு வாங்க! வெரதம், பருப்பு மட்டுந்தான் இருக்கு!"

"கூத்தாடி வீட்டுல அதுவே பெருசு" என்று அக்கா குடையை மடக்கினார்.

இருவரும் பாலத்தில் நடந்து வந்தார்கள். திரும்பி ஓடிவிடக் கால் பரபரத்தது. ஓடவில்லை. அவள் தோளில் தொங்கிய பையை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.