மாடி ரூமுக்கு ஒரு பர்மிஷன்

எங்க வூடு சடையங்குப்பத்துல. மழை வந்தா தண்ணி உறவுக்காரன் மாதிரி நேரா உள்ள வந்து குந்திக்கும். அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, நடக்க முடியாது. ஒவ்வொரு தபா தண்ணி ஏறும்போதும் பிளாஸ்டிக் நாற்காலியில குந்த வச்சு பக்கத்து வூட்டு மாடிக்குத் தூக்கினு போவோம். வயசான காலத்துல அடுத்தவன் மாடியில, தார்ப்பாய்க்குக் கீழ கூனிக்குறுகிக் கெடக்கும். அதான் எங்க வூட்டு மேலயே ஒரு ரூம் கட்டலாம்னு பிளான் அப்ரூவலுக்குப் போட்டேன்.

ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னா கொறைன்னு கேட்டா, மழைநீர் சேகரிப்புக் குழி இல்லியாம். "சார், எங்க தெருவே குழிதான் சார், ஊரு தண்ணியெல்லாம் நாங்கதான் சேகரிச்சுகினு கீறோம்"னேன். அந்த சார் சிரிக்கல. "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்"னாரு. சரின்னு வாசல்ல குழி வெட்டி, ஜல்லி கொட்டி, மூடி போட்டு, வந்து பாருங்கன்னு நடையா நடந்தேன். வெயில் காலம் பூரா அவருக்கு டைம் இல்ல. நல்லா மழை அடிச்சு முட்டி அளவு தண்ணி நின்ன அன்னிக்கு, பேண்ட்டைச் சுருட்டிவிட்டுகினு வந்து நிக்கிறாரு.

"குழி எங்க?"ன்னாரு.

தண்ணியில எடம் தெரியணுமேன்னு, வலைக்குக் கட்டுற மாதிரி மூடியில கயிறு கட்டி தெர்மாகோல் மிதவை வுட்டிருந்தேன். கடலுக்குப் போற புத்தி எங்க போவும்? அலையில முழுகாம இருக்கட்டும்னு கயிறை தாராளமா வுட்டுட்டேன். அது ஓட்டத்துல இழுத்துகினு போயி எதிர் வூட்டு கேட்டாண்ட ஆடிகினு கீது. சார் அங்க போயி போட்டோ எடுத்தாரு. "குழி உங்க எல்லைக்கு வெளிய இருக்கே"ன்னு எழுதிக்கினாரு. நான் கயிறை இழுத்து இழுத்துக் காட்றேன், காதுல வாங்கினாத்தானே.

அதுக்குள்ள தண்ணி அம்மா கட்டிலைத் தொட்டுடுச்சு. நாற்காலியைத் தூக்க நாலு ஆளு வேணும். நானு, தம்பி, பக்கத்து வூட்டு அண்ணன், மூணு பேருதான் இருந்தோம். "சார், ஒரு கை புடிங்க"ன்னேன். சும்மா சொல்லக்கூடாது, புடிச்சாரு. அம்மா சாயும்போதெல்லாம் தோளைக் குடுத்துத் தாங்கினாரு. பக்கத்து வூட்டுக் குறுகல் படியில அவரு முழங்கை செவுத்துல தேஞ்சு ரத்தமே வந்துடுச்சு. மேல எறக்கி வச்சதும் அவரு கண்ணு கலங்கிப் போச்சு. இந்த மனுசன் கையெழுத்துப் போட்டுடுவாருன்னு எனக்கு நெஞ்சு குளுந்துச்சு.

மூச்சு வாங்கிகினே சொன்னாரு: "இந்த அம்மாவைத் தூக்கிட்டு ஏறணும்னா படி இன்னும் அகலமா இருக்கணும். உங்க பிளான்லயும் இதே அளவுதான் போட்டிருக்கீங்க. மாத்தி வரைஞ்சு, புதுசா அப்ளை பண்ணுங்க."

அம்மா அவரு கையைப் புடிச்சுகினு கேட்டுச்சு: "அப்போ அடுத்த மழைக்கும் நீயே வந்து தூக்குவியா, நைனா?"