அர்லீன் திறந்த இன்ஜின்

ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, அதன் நுனியில் ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறார் அர்லீன் குபிசெக். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டி அவருடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. மளிகைக் கடை வாசலிலோ செக் வம்சாவளியினரின் திருவிழாத் திடலிலோ சாய்ந்து நிற்கும் குரூசர் பைக் எதுவானாலும் அவர் கை தானாகப் போய்விடும். "பொசுங்கிப் போயிருக்கு. எந்த மகராசன் வண்டி இது? வரச் சொல்லுங்க" என்பார். மகராசன் பெரும்பாலும் பீர்க் குவளையோடு வருவார். திட்டு வாங்கித் திரும்பிப் போகும்போதும் குவளை நிறைந்தபடியேதான் இருக்கும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் வில்பர் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையலறை அர்லீன் வசம். பகலில் தலையில் வலையை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சில்லிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் போடுவார். மாலையில் அதே கைகள் கிரீஸில் முழுகிக் கிடக்கும். என் மருந்துக் கடையின் பின்கதவும் அவருடைய கொட்டகையும் ஒரே சந்துக்குள் திறப்பவை. என் பெயர் நாக்கில் புரளவில்லை என்று முதல் வாரத்திலேயே எனக்கு 'மருந்துக்கடை' என்று பெயர் வைத்துவிட்டார். கணவர் மில்டனுக்கு இன்ஜின் என்பது சத்தம் போடும் ஒரு பொருள், அவ்வளவுதான். அவருடைய ராஜ்ஜியம் மாவு. கசகசா வைத்த கொலாச்சே ரொட்டியில் அவரை அடிக்க இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.

இன்ஜினைப் பெரிதாக்குவது இங்கே ஆண்களுக்கு ஒரு குளிர்காலப் பொழுதுபோக்கு. பெரிய சிலிண்டர், வால்வைக் கூடுதலாகத் தூக்கும் கேம், ஊரை எழுப்பும் சைலன்சர் எல்லாம் மாட்டிக்கொண்டு வசந்தத்தில் வெளியே வருவார்கள். "நூறு குதிரை சக்தி வந்திருச்சு அர்லீன்!" என்று மதுக்கடையில் ஒருவர் மார்தட்டியபோது நானும் அங்கே இருந்தேன்.

"குதிரைங்களுக்குத் தண்ணி வச்சியா?" என்றார் அர்லீன். "சிலிண்டரைப் பெருசு பண்ணிட்டே. அதே பழைய பம்ப்பு, அதே சொட்டு எண்ணெய். வெந்து சாகப்போகுது பாரு. முதல்ல பம்ப்பு. அப்புறம் செயினைத் தாங்குற கட்டை. அப்புறம்தான் கேமு, சிலிண்டர் எல்லாம். கல்யாண வீட்டுல அடுப்பே பத்த வைக்காம ஆயிரம் பேருக்கு இலை போடுவியா நீ?"

இந்தக் கோபம் பிறவிக் கோபம் அல்ல. சில வருடங்களுக்கு முன்னால் லிங்கன் நகரத்துப் பட்டறை ஒன்றில் தன் வண்டியைக் கொடுத்து, "சக்தியும் வேணும், வழியில நிக்கவும் கூடாது" என்று சொல்லியிருந்தார். ட்ராய் என்ற பட்டறைக்காரர் சக்தியை மட்டும் ஏற்றித் தந்தார். மேற்கே மணல்குன்றுகளின் நடுவில், கண்ணுக்கெட்டியவரை புல்லும் மாடுகளும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், இன்ஜின் ஒரு கத்துக் கத்தி இறுகி நின்றுவிட்டது. அர்லீன் வெயிலில் நடந்து, ஒரு பண்ணைக்காரரின் டிரெய்லரில் வண்டியோடு ஊர் திரும்பினார். விளக்கம் சொல்ல ட்ராய் அவர்கள் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது அர்லீன். "உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, அவருக்குச் சொன்னா புரியும்" என்றாராம். மில்டன் போனை வாங்கிக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்கு மாவு புளிக்கிறது மட்டும்தான் புரியும்" என்று சொல்லித் திருப்பி மனைவியிடமே கொடுத்துவிட்டார். அதற்குள் ட்ராய் வைத்துவிட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அர்லீன் தன் இன்ஜினைத் தானே பிரித்தார், தப்பாக மாட்டினார், திரும்பப் பிரித்தார். சந்து முழுக்க அவர் திட்டு கேட்கும். நட்டுகளைத் திட்டுவார், நட்டு செய்தவரைத் திட்டுவார், பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தவரின் வம்சத்தைத் திட்டுவார். பனி உருகியபோது வண்டி ஓடியது.

சென்ற ஜூலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அர்லீனின் பால்யத் தோழி லவான் ஷெஸ்டாக். கல்லூரி போகாத இரண்டு பெண்களும் ஒரே கோடையில் பைக் வாங்கி, அன்றிலிருந்து ஒன்றாக ஓட்டியவர்கள். லவானுக்கு மார்பில் புற்று வந்து, சிகிச்சை அப்போதுதான் முடிந்திருந்தது. "ஆகஸ்டுல பிளாக் ஹில்ஸ் மலைக்கு என் வண்டியில நானே ஓட்டிட்டுப் போவேன்" என்று டாக்டரிடம் சபதம் போட்டிருந்தார். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசாக, வண்டிக்குப் பெரிய இன்ஜின் வேலையும் செய்து வாங்கி வந்திருந்தார்.

நான் மாத்திரை கொண்டுபோன சனிக்கிழமை காலை, லவானின் கொட்டகையில் இருவரும் எதிரெதிரே நின்றிருந்தார்கள்.

"அதே பட்டறையா? அதே ட்ராயா?" என்றார் அர்லீன்.

"ஆமாடி. நீ குதிப்பேன்னுதான் சொல்லல."

"பம்ப்பை மாத்துனானா? செயின் கட்டையை மாத்துனானா?"

"எனக்கெப்படித் தெரியும்? கைப்பிடியைத் திருப்புனா ஆளைத் தூக்கிட்டுப் போகுது. உனக்குப் பொறாமைடி."

"பொறாமையா? மணல்குன்று நடுவுல அது நின்னா நீ நடப்பியா? போன மாசம் கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் போறதுக்கே உனக்கு மூச்சு வாங்குச்சே!"

சொல்லி முடிக்கும் முன்பே அது அதிகம் என்று அர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. லவான் தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டார். முடி அப்போதுதான் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது.

"வெளிய போ அர்லீன்."

அர்லீன் போகவில்லை. வண்டி பக்கத்தில் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மூடியைத் திறந்து பாத்துடறேன். எல்லாம் நல்லா இருந்துச்சுன்னா இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"திற. மருந்துக்கடை சாட்சி" என்றார் லவான்.

இன்ஜினின் வலது பக்கத்தில், கேம்களைச் சுழற்றும் செயின்கள் மூடிக்கு அடியில் இருக்கின்றன. செயின் தளராமல் இருக்க, ஸ்பிரிங் தள்ளும் ஒரு பிளாஸ்டிக் கட்டை அதை அழுத்திக்கொண்டே இருக்கும். பெரிய கேமும் விறைப்பான வால்வு ஸ்பிரிங்கும் போட்டால் அந்தக் கட்டை சீக்கிரம் தேயும். தேய்ந்த தூள் எண்ணெயில் கலந்து பம்ப்பை அடைக்கும். இவ்வளவும் எனக்கு அர்லீன் சொல்லித் தெரிந்ததுதான். மூடிமேல் பட்டறைக்காரர்கள் வைத்திருந்த சிவப்புப் பெயின்ட் முத்திரையை அவர் ஸ்குரூ டிரைவரால் கீறி உடைத்தார். மூடி வந்தது. கட்டை புத்தம் புதிதாக, வழுவழுவென்று இருந்தது.

லவான் கை தட்டினார். "பாத்துட்டியா? கிளம்பு."

அர்லீனின் காது மடல் சிவந்தது. "இது வெளிச்செயின். உள்பக்கம் இன்னொண்ணு இருக்கு."

"ஓஹோ, இப்ப ரெண்டாச்சா? அதுவும் நல்லா இருந்தா மூணாவது முளைக்குமா?"

"அதுவும் நல்லா இருந்தா என் வண்டிச் சாவியையும் உன்கிட்டயே குடுத்துட்டுப் போறேன்டி!"

உள்ளே போக வேண்டுமானால் பாதி இன்ஜினைக் கழற்ற வேண்டும். லவான் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டார். நான் போயிருக்கலாம், போகவில்லை. அர்லீன் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் வேலை செய்தார். தோழியை இழக்கத் துணிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண், தன் கணிப்பு பொய்யாக வேண்டும் என்று நினைத்தாரா, மெய்யாக வேண்டும் என்று நினைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

உச்சி வெயில் நேரத்தில், உள்செயினை மறைத்திருந்த தகடு கழன்று வந்தது. உள்பக்கத்துக் கட்டையைப் பழையபடியே விட்டிருந்தார்கள். அதைச் செயின் அரித்துத் தின்றிருந்தது. ஒரு மூலை உடைந்து காணாமலே போயிருந்தது. காணாமல் போனது பம்ப்பின் வாயில் பழுப்புத் துணுக்குகளாகக் கிடந்தது. அர்லீன் கட்டையையும் துணுக்குகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார். கதவு திறந்ததும் கையை நீட்டினார்.

லவான் ஒரு துணுக்கை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துண்டால் அர்லீனின் தோளில் ஓர் அடி போட்டார். "முதல்லயே புரியிற மாதிரி ஏண்டி சொல்லல?"

"சொன்னேனேடி, படுபாவி!"

திங்கட்கிழமை மூவரும் லிங்கனுக்குப் போனோம். தேய்ந்த கட்டையை மில்டனின் கொலாச்சே டப்பாவில் வைத்து அர்லீன் எடுத்து வந்தார். பட்டறை வாசலில் 'சக்தி, நம்பிக்கை, ஒரே கூரையின் கீழ்' என்று ஆளுயரப் பலகை. ட்ராய் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "சார், நீங்க புரிஞ்சுக்கணும், இந்த மாதிரி இன்ஜின்ல..."

"நான் இருமல் மருந்து விக்கிறவன். கேக்கறது இவங்க" என்றேன்.

அப்போதும் அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை. "முத்திரை உடைஞ்சிருக்கு சார். வெளியாளு திறந்தா நாங்க பொறுப்பில்ல. அதுவுமில்லாம லேடீஸ் இவ்வளவு பவரைத் தாறுமாறா முறுக்குனா எந்தக் கட்டைதான் தாங்கும்?"

"முத்திரை உடையாம இருந்திருந்தா இவ ரோட்டுல கிடந்திருப்பா" என்றார் அர்லீன். "அப்ப பொறுப்பெடுத்திருப்பியா? சவப்பெட்டிக்கும் ரெட் பெயின்ட் அடிச்சுக் குடுத்திருப்பியா?"

"சத்தம் போடாதீங்கம்மா. கஸ்டமருங்க இருக்காங்க."

"அப்ப நாங்க யாருடா?"

ட்ராய் உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். மன்னிப்புமில்லை, மாற்றுக் கட்டையுமில்லை. காத்திருந்த இரண்டு பேரிடம் அர்லீன், "உள்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிட்டு வண்டியை எடுங்கப்பா" என்றார். ஒருவர் சிரித்தார். மற்றவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பெண்ணின் உயிரை ஒரு பிளாஸ்டிக் துண்டில் தொங்கவிட்டுவிட்டு, கேள்வி கேட்டவளை ஏறெடுத்தும் பார்க்காத மனிதரின் கடை இன்றும் நடக்கிறது. அந்தப் பலகைக்கு இந்த வருடம் புது விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

புதிய பம்ப்பும் தகடும் வர ஆகஸ்டு தாண்டிவிடும் என்று கடைக்காரர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். அர்லீனின் மேசையில் ஒரு ஜோடி இருந்தது. தன் இன்ஜினை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகக் குளிர்காலத்திலிருந்து காத்திருந்து தருவித்தது. கூடுதல் எண்ணெய் இறைக்கும் பம்ப்பு. ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயின் அழுத்தத்தாலேயே செயினைத் தாங்கும் தகடு. அதற்காக அவருடைய வண்டி ஏற்கெனவே பிரித்துப் போட்டபடி நின்றது.

"உன் வண்டி என்னடி ஆகும்?" என்று லவான் தடுத்தார்.

"அது என்ன நோயாளியா? நிக்கட்டும். நீ அந்த விளக்கை நேராப் பிடி, உன் கை ஏன் இப்படி ஊஞ்சலாடுது?"

துணுக்குகள் போகும்வரை எண்ணெய் வழிகளையெல்லாம் அலசிக் கழுவினார். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்கினார். இந்த முறை திட்டு பழையபடி சந்து முழுக்கக் கேட்டது. நடுநடுவே லவானும் சேர்ந்து திட்டினார். வண்டி உறுமி எழுந்து, எண்ணெய் அழுத்தமானியின் முள் ஏறி அசையாமல் நின்றபோது, லவான் அதைப் பார்த்துக் கும்பிடாத குறை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பைகள் கட்டியாயிற்று. மில்டன் கொலாச்சே டப்பாவைப் பைக்குள் திணித்தார். லவான் தலைக்குட்டைமேல் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்து, விடைபெறத் திரும்பினார். அர்லீனும் ஹெல்மெட் மாட்டியிருந்தார்.

"நீ எங்கடி வர்றே, வண்டியில்லாம?"

"வழியில எண்ணெயை யாரு பாப்பா? நகரு முன்னால" என்று காலைத் தூக்கிப் போட்டுப் பின்சீட்டில் ஏறினார். அத்தனை வருடத்தில் அவரை நான் பின்சீட்டில் பார்த்ததே இல்லை.

தெருமுனையில் 'நில்' பலகையருகே வண்டி நின்றது. அர்லீன் பக்கவாட்டில் சாய்ந்து, ஹெல்மெட் இன்ஜினைத் தொட்டுவிடும் அளவுக்குக் குனிந்தார். பின்னால் வந்த தானிய லாரி ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தி லாரியை நிறுத்திவைத்தார். இன்ஜின் சத்தத்தை இன்னும் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, லவானின் ஹெல்மெட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.